கூரைக்குள் ஓடும் கம்பிகள்



நம் மருத்துவ முகாம் வேன் இம்மாதம் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஏன் செல்லவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதன் கூரைக்குள் மின்கம்பிகள் யாவும் புதிதாக இழுக்கப்படுகின்றன. இரண்டு நாளில் முடியுமென்று கூறிய வேலை மூன்றாம் வாரத்தில் நிற்கிறது. உங்கள் காணிக்கையால் ஓடும் வண்டி அது. காரணத்தை அறிய உங்களுக்கு உரிமை உண்டு.

பழுது சிறியதாகவே தோன்றிற்று. கண் பரிசோதனை நடக்கும் பின்பகுதியில் விளக்கு மங்கியது. மின்விசிறி தளர்ந்து சுழன்றது. கூரைப் பலகைக்கு வெளியே ஒரு புதுக் கம்பியை ஓட்டிவிட்டால் போதுமென்பது கமிட்டியாரின் எண்ணம். நகரியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் தம்பியோ ஒரு பிளைவுட் பலகையைக் கழற்றி, உள்ளே பார்க்கும்படி என்னை அழைத்தார். கூரையின் இரும்புச் சட்டங்களில் துளையிட்டுக் கம்பிகளைக் கொண்டுபோயிருந்தார்கள். துளைகளில் ரப்பர் வளையம் இல்லை. ஆண்டுக்கணக்கான குலுக்கலில் இரும்பு விளிம்பு மேலுறையை அறுத்து, இரண்டு இடங்களில் செம்பு வெளியே தெரிந்தது.

“இதை இப்படியே மூடிவிட்டுக் கூலி வாங்க மாட்டேன், ஐயா” என்றார்.

“12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே” என்று மூப்பர் ஒருவர் கேட்டார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் வோல்ட் குறையும்போது, அதே வேலைக்குக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடுகிறது. 100 வாட் சுமைக்கு வீட்டின் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியில் 8 ஆம்பியருக்குமேல் வேண்டும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அந்த மின்னோட்டம் 6 மீட்டர் போய்த் திரும்பினால், ஏறக்குறைய 1.8 வோல்ட் வழியிலேயே வெப்பமாகக் கழிந்துவிடும். விளக்கு மங்கியதன் காரணம் அதுவே. சாதாரண பிவிசி உறை 70 டிகிரிவரைதான் தாங்கும். கத்திரி வெயிலில் திருத்தணியில் நிறுத்திவைத்த வண்டியின் தகரத்தில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. உறை அறுந்த கம்பி சட்டத்தைத் தொட்டால், மரப்பலகைக்கு அடுத்தே தீப்பொறி பறக்கும். அந்தப் பலகைக்குக் கீழே கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு பார்வை மங்கிய முதியவர்கள் அமர்ந்திருப்பார்கள். இறங்கும் வழியைத் தடவித்தான் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே முகாமை ஒத்திவைத்தேன். காத்திருந்தவர்களுக்கு இதனால் வருத்தம் என்பதை அறிவேன். கூரை முழுவதும் இறக்கப்பட்டது. இப்போது 2.5 சதுர மில்லிமீட்டரில் பல இழைக் கம்பி ஓடுகிறது. ஒற்றைக் கம்பி குலுக்கலில் முறிந்துபோகுமாம். ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் உண்டு. இன்வெர்ட்டரிலிருந்து வரும் 230 வோல்ட் கம்பிக்குத் தனிக் குழாய். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைத்திருக்கிறார். அது விளக்கைக் காப்பதற்கென்றே நான் எண்ணியிருந்தேன், கம்பியைக் காப்பதற்காம். ஃபியூஸை விளக்கருகே வைத்தால் இடையிலுள்ள கம்பிக்குக் காவல் இராது.

நோவாவின் பேழைக்கு உட்புறமும் கீல் பூசச் சொல்லப்பட்டதை இந்த வாரம் மறுபடியும் வாசித்தேன். தம்பியிடம் அதைச் சொன்னபோது, “உள்ளே ஆள் இருக்கிறார்களே, ஐயா” என்றார்.

பலகைகளை மூடுமுன் ஒவ்வொரு பகுதியையும் புகைப்படம் எடுத்துவிட்டார். எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்ற வரைபடம் ஓட்டுநர் இருக்கையின் பின்னே ஒட்டப்படும். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தாலும், பழுது பார்க்க வருபவர் எல்லைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று சொல்ல முடியாது. அதனால் வரைபடத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். தெலுங்குப் பகுதியை அழகான கையெழுத்தில் எழுதித்தர யாரேனும் முன்வந்தால், ஞாயிறு ஆராதனைக்குப்பின் என்னைச் சந்தியுங்கள்.