பொங்கிய பாலும் பொங்கிய ஆறும்

காலையில் கண் விழித்ததும் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடுகிறது. அதே சமயத்தில் குழாயில் தண்ணீர் நின்று போகிறது. சின்னவனின் பள்ளிக்கூடச் சட்டையில் பொத்தான் அறுந்து தொங்குகிறது. "இன்றைக்கு யார் முகத்தில் விழித்தேனோ!" என்று அலுத்துக் கொள்ளாத குடும்பத் தலைவி எங்கேயாவது இருந்தால் தயவு செய்து எனக்குத் தெரிவியுங்கள். அடுத்த பஸ்ஸிலேயே வந்து பேட்டி எடுத்துக் கொள்கிறேன். (விழித்த முகம் பெரும்பாலும் வீட்டுக்காரருடையதாகத்தான் இருக்கும். பாவம், அவர் என்ன செய்வார்?)

அப்படி ஓர் அம்மாளைச் சந்திக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். இரண்டு பக்கமும் நெல்வயல், தென்னந்தோப்பு, தூரத்தில் நீல மலை. சின்னமனூரைத் தாண்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம்; பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. டயர் போய்விட்டது! அந்தக் குலுக்கலில் ஒரு பாட்டியின் கூடை கவிழ்ந்து, பன்னீர்த் திராட்சை பஸ் முழுவதும் உருண்டோடியது. மகள் வீட்டுக்குக் கொண்டு போகிற பழம்.

பிரயாணிகள் டிரைவரைத் திட்டினார்கள், கண்டக்டரைத் திட்டினார்கள். கடைசியில் சாலை போட்டவர்களையும் விடவில்லை. பாட்டி மட்டும் முந்தானையை விரித்து, நல்ல பழங்களைப் பொறுக்கிக் கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று கத்திய இளைஞனை நிமிர்ந்து பார்த்து, "வஞ்சா காத்து ஏறிருமா, தம்பி? குனிஞ்சு ரெண்டு பழம் பொறுக்கிக் குடு" என்றாள். அவன் வாயை மூடிக் கொண்டு குனிந்தான்! நசுங்கிய பழங்களெல்லாம் பஸ்ஸிலிருந்த குழந்தைகளுக்குப் போயின. "நல்லது மகளுக்கு, நசுங்குனது நமக்கு" என்று தானும் ஒன்றை வாயில் போட்டுக் கொண்டாள். டயர் மாற்றி முடிவதற்குள் பஸ்ஸே ஒரு கல்யாண வீடு போல் ஆகிவிட்டது.

இந்தப் பள்ளத்தாக்குக்கு அந்தக் குணம் புதிதல்ல. அதன் செழிப்பே அப்படி ஒரு பிடிவாதமான பொறுமையால் வந்ததுதான். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்து கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்புவதற்கு 1887-ல் வேலை தொடங்கியது. பொறுப்பேற்றவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். ஆற்றில் தற்காலிகத் தடுப்பு எழுப்பித் தண்ணீரை ஒதுக்கினால்தான் அஸ்திவாரம் போட முடியும். வெள்ளம் வந்து தடுப்பை அடித்துக் கொண்டு போயிற்று. மறுபடி கட்டினார்கள், மறுபடியும் போயிற்று. யானையும் மலேரியாக் காய்ச்சலும் உலவுகிற காடு வேறு! ஆற்றோடு சண்டை போட்டுப் பயனில்லை; வெள்ளம் வடிந்த பிறகு மிஞ்சியதிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லுமாக அணை எழும்பி, 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அதைத் திறந்து வைத்தார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்த தண்ணீரால் இன்று கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இரு போகம் விளைகிறது.

பென்னிகுயிக் பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வரும் அந்நாளில் இந்தப் பக்கத்து மக்கள் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். பால் பொங்கி வழிந்தால் குலவை போடுகிறார்கள்! மற்ற நாளில் தலையில் அடித்துக் கொள்கிறோமே, அதே பால்தான்.

"எது வந்தாலும் சிரித்துக் கொண்டே இரு" என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அந்த அணைக்கட்டுக்கு அருகே, வேலையில் இறந்தவர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. அங்கே போய் யாரும் சிரிக்க முடியாது. துக்கம் வேறு, தொந்தரவு வேறு. துக்கத்துக்கு அழத்தான் வேண்டும். ஆனால் தொந்தரவுக்கெல்லாம் துக்கத்தின் மரியாதையைக் கொடுத்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் வீட்டின் நிம்மதி போகிறது.

குழந்தை கை தவறி ஒரு டம்ளர் பாலைக் கொட்டிவிடுகிறது. பாலுக்குப் பதில் வேறு பால் வாங்கிவிடலாம். அந்த நிமிஷத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்து அது பயந்துவிட்டதே, அந்தப் பயத்தை எந்தக் கடையில் கொடுத்து மாற்றுவது? நாளைக்கு அது எதையாவது உடைத்தால் ஓடி வந்து சொல்லாது, ஒளித்து வைக்கும். பொய்யின் முதல் பாடம் பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பமாகிறது.

ஆகையால், சகோதரிகளே, ஏதாவது கொட்டினால், கவிழ்ந்தால், உடைந்தால், "யார் செய்தது?" என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். "என்ன மிஞ்சியிருக்கிறது?" என்று முதலில் பாருங்கள். பிறகு குழந்தையின் கையில் ஒரு துணியைக் கொடுத்து, "வா, இரண்டு பேருமாகத் துடைக்கலாம்" என்று சொல்லுங்கள். துடைத்து முடிவதற்குள் கோபம் தானாகவே வடிந்திருக்கும்.