ஓரம் வளைந்த துணி

சாக்ரடீசை நம்மில் பலர் முதலில் பார்த்தது 'ராஜா ராணி' (1956) படத்தில், சிவாஜி கணேசன் உருவில். சீசரைப் பார்த்தது பள்ளி ஆண்டு விழா மேடையில். வெள்ளைத் துணி ஒன்று தோளில் கிடந்தால் போதும். அது கிரேக்கமா ரோமா என்று நாம் கேட்பதில்லை. ரோமில் கேட்டார்கள். நீதிமன்றம் வரைக்கும் போய்க் கேட்டார்கள்.

கிரேக்கர்களின் மேலாடையான ஹிமாட்டியன் வெறும் நீள்சதுரம். இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலது அக்குளுக்குக் கீழே கொண்டுவந்து, மறுபடி இடது தோளிலோ கையிலோ வீசிக்கொள்வார்கள். தறியிலிருந்து இறங்கியதை அப்படியே உடுத்துவது வேட்டியும் சேலையும் கட்டுகிற நமக்குப் புதிதல்ல. ஆண், பெண் இருவருக்கும் அது உண்டு. உள்ளே கிட்டோன் என்ற அங்கி இருக்கும். சாக்ரடீசுக்கு அதுவும் இல்லை, கோடையிலும் குளிரிலும் ஒரே மேலாடைதான் என்று அவருடைய மாணவர் செனபோன் எழுதிய நூலில் ஒருவர் கேலி செய்கிறார். தெருவில் போகிறவன் அடிமையா குடிமகனா என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லையே என்று ஏதென்சின் பழைய நூல் ஒன்று அலுத்துக்கொள்கிறது. எழுதியவர் பெயர் நிலைக்கவில்லை, எரிச்சல் நிலைத்துவிட்டது.

ரோமானியர்களின் டோகாவுக்கு ஒரு ஓரம் வளைவு. அந்த வளைவில்தான் எல்லாம் இருக்கிறது. பேரரசுக் காலத்தில் 5 மீட்டருக்குக் குறையாத கம்பளித் துணி. ஊக்கு கிடையாது, நாடா கிடையாது. துணியின் கனமும் மடிப்பும் இடது கையும் சேர்ந்துதான் அதை நிறுத்தி வைக்க வேண்டும். இதைப் போட்டுக்கொண்டு ஓட முடியாது, ஏர் பிடிக்க முடியாது. வசதியானவர்களுக்குக் கட்டிவிட அடிமை வேண்டும். அந்த அசௌகரியத்தைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். கை வேலை செய்ய வேண்டியிராதவன் இவன் என்று ஊருக்குச் சொல்வதற்கென்றே வளர்ந்த உடை அது.

அதை உடுத்தும் உரிமை குடிமகனுக்கு மட்டுமே. நாடு கடத்தப்பட்டவன் அந்த உரிமையை இழந்தான். உயர் பதவியிலிருப்பவருக்கும் சுதந்திரக் குடும்பத்துச் சிறுவனுக்கும் செந்நீலக் கரை. தேர்தலில் நிற்பவர் சுண்ணாம்புத் தூள் தேய்த்துப் பளிச்சென்று வருவார். மானமுள்ள குடும்பத்தலைவிக்கு ஸ்டோலா என்ற வேறு உடை. டோகா போட்ட பெண் என்றால் அது வசை. ஹோர்டென்சியஸ் என்ற பெரிய வழக்கறிஞர் கண்ணாடி முன் நின்று மடிப்பு வைப்பாராம். குறுகலான இடத்தில் உடன் பதவியிலிருந்தவர் உரசி அந்த மடிப்பைக் கலைத்துவிட்டார் என்று வழக்கே போட்டார் என்கிறார் பிற்கால ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ்.

வேடிக்கை என்னவென்றால், ரோமானியர்களுக்குக் கிரேக்க மேலாடை மேல் தீராத ஆசை. பின்னாளில் ஹானிபலை வென்ற ரோமத் தளபதி ஸ்கிப்பியோ சிசிலியில் அதைப் போட்டுக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்தில் உலாவினார் என்பது ரோமில் புகாராகப் போனது. ஊழல் ஆளுநர் வெர்ரஸ் மீது வழக்கறிஞர் சிசரோ அடுக்கிய குற்றங்களில் திருட்டோடு இந்த உடையும் உண்டு. பேரரசர் அகஸ்டஸ் கூட்டத்தில் கறுத்த போர்வைகளாகக் கண்டு கொதித்து, டோகா இல்லாதவர் பொதுச்சதுக்கத்தில் நிற்கவே கூடாது என்று உத்தரவிட்டார். உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதிலேயே டோகாவின் கதி தெரிகிறது. நூறாண்டு கழித்து ஜூவனல் என்ற கவிஞர், இத்தாலியின் பெரும்பகுதியில் பிணத்துக்குத்தான் டோகா என்று கிண்டலடித்தார்.

இன்னொரு வழக்கு. ஒருவன் ரோமக் குடிமகனா அந்நியனா என்ற விசாரணை. அவன் டோகாவில் நிற்பதா, கிரேக்க மேலாடையில் நிற்பதா என்று வக்கீல்களுக்குள் தகராறு. எதைப் போட்டாலும் தீர்ப்பை முன்கூட்டியே சொன்னதாகிவிடும். பேரரசர் கிளாடியஸ் ஒரு வழி சொன்னார்: எதிர்த்தரப்பு பேசும்போது ஒன்று, அவன் தரப்பு பேசும்போது இன்னொன்று என்று மாற்றி மாற்றி உடுத்தட்டும். வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் இதைப் பேரரசரின் கிறுக்குத்தனங்களில் ஒன்றாகச் சேர்க்கிறார். எனக்கோ அந்த அவையில் அந்தத் துணியின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர் கிளாடியஸ் ஒருவர்தான் என்று படுகிறது. பாவம், ஒவ்வொரு முறையும் அந்த 5 மீட்டரை அவிழ்த்துக் கட்டியவன் என்ன நினைத்தானோ.