சூப்பர்சார்ஜர் போட்ட கதை

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான மொக்கை. நடுவுல கணக்கு வேற வரும். கணக்கு ஆகாதவங்க அந்தப் பத்தியைத் தாண்டிக் குதிச்சுடுங்க. ஆனா கடைசிப் பகுதியை மட்டும் தயவுசெஞ்சு படிச்சுடுங்க.

நாங்க இருக்கறது அமெரிக்காவுல இண்டியானா மாநிலம், வெஸ்ட் லஃபாயெட். வாடகை வீடு, நாலு பேர். அதுல மூத்தவரை எல்லாரும் 'பெருசு'ன்னுதான் கூப்பிடுவோம். பிஎச்.டி. அஞ்சாவது வருஷம். தக்காளி விலை ஏறினா ரசத்துல தக்காளியை நிறுத்தற ஆளு. அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் 1991 மாடல் மாஸ்டா மியாட்டாவை ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தினார். சேமிப்புல முக்கால்வாசி காலி.

மியாட்டா தெரியாதவங்களுக்கு: 1989ல் சிகாகோ மோட்டார் ஷோவில் மாஸ்டா அறிமுகப்படுத்தின ரெண்டு சீட்டு, மேல்கூரை மடக்கற குட்டிக் கார். எடை சுமார் ஆயிரம் கிலோ. 1.6 லிட்டர் இஞ்சின், 116 குதிரைசக்தி. வளைவுல ஓட்டினா சொர்க்கம். ஆனா நெடுஞ்சாலையில ஏறும்போது பின்னாடி ஒரு லாரி வந்தா குலதெய்வம் ஞாபகத்துக்கு வரும்.

"டேய், இதுக்கு ஒரு சூப்பர்சார்ஜர் போடலாமா?" பெருசு கேட்டது என்கிட்ட. ஏன்னா நான் மெக்கானிக்கல். தெர்மோடைனமிக்ஸ்ல 'ஏ' வாங்கினவன். "போடலாம்ண்ணே, ரெண்டு நாள் வேலை"ன்னு சொன்னேன். ஸ்பேனர் பிடிச்சு பழக்கமில்லாதவன் சொல்ற பதில் எப்பவும் 'ரெண்டு நாள் வேலை'தான்.

யாரோ தன் கார்லேர்ந்து கழட்டி வித்த பழைய கிட் ஒண்ணு கிடைச்சுது. அதுல இருந்தது ஈட்டன் எம்45. மினி கூப்பர் எஸ் கார்ல 2002லேர்ந்து 2006 வரைக்கும் கம்பெனியே போட்டு அனுப்பினதும் இதே எம்45 ரகம்தான். ஒரு அலுமினியப் பெட்டி, உள்ள ஒண்ணை ஒண்ணு தொடாம சுத்தற ரெண்டு உருளை. இஞ்சினோட கிராங்க்லேர்ந்து பெல்ட் போட்டு சுத்த விடணும். அது காத்தை அள்ளி இஞ்சினுக்குள்ள திணிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இதுல ஒரு வேடிக்கை, இந்த சமாச்சாரத்தோட பூர்வீகமே இண்டியானாதான். கானர்ஸ்வில் ஊர்ல கம்பளி மில் வச்சிருந்த ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ்ன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1860ல் காப்புரிமை வாங்கின ஊதுகருவி இது. அப்ப கார் ஏது? இரும்பு உருக்கற உலைக்கும் சுரங்கத்துக்கும் காத்து அடிக்கத்தான் அது பயன்பட்டுச்சு. 1921ல் பெர்லின் கண்காட்சியில மெர்சிடிஸ் சூப்பர்சார்ஜர் போட்ட கார்களைக் கொண்டு வந்து வச்சுது. நூறு வருஷம் கழிச்சு எங்க வீட்டு கராஜ்ல பெருசும் நானும்.

இப்ப கணக்கு. எம்45ன்னா ஒரு சுத்துக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 0.74 லிட்டர் காத்து. 1.6 லிட்டர் நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் முழுசா மூச்சு இழுக்கும், அதனால ஒரு சுத்துக்கு 0.8 லிட்டர். எங்க புல்லி அளவுப்படி இஞ்சின் ஒரு சுத்து சுத்தினா சூப்பர்சார்ஜர் 1.6 சுத்து. 0.74 பெருக்கல் 1.6, கிட்டத்தட்ட 1.18 லிட்டர். 0.8 லிட்டர் குடிக்கறவனுக்கு 1.18 லிட்டர் ஊத்தறோம். கசிவு, இழப்பெல்லாம் போக வெளிக்காத்தை விட 1.4 மடங்கு அழுத்தம், அதாவது 6 பிஎஸ்ஐ பூஸ்ட். (நம்ம குடிக்கற பூஸ்ட் இல்ல.) 116ஐ 1.4 ஆல பெருக்கினா 160 வரும். பெல்ட் சுத்தவே கொஞ்சம் சக்தி செலவாகும், காத்து வேற சூடாகும். அதெல்லாம் கழிச்சா 150ன்னு எழுதி பெருசுகிட்ட காட்டினேன். மனுஷன் அந்தப் பேப்பரை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சார்.

காத்து மட்டும் 1.4 மடங்கு போனா போதாது, பெட்ரோலும் அதே அளவுக்குப் போகணும். எங்க கிட்ல அதுக்கு இருந்த வழி, பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தையும் ஏத்தற ஒரு ரெகுலேட்டர். இதுல ஒரு கொக்கி இருக்கு. இஞ்செக்டர்ல வர்ற அளவு அழுத்தத்தோட வர்க்கமூலப்படிதான் கூடும். பெட்ரோல் 1.4 மடங்கு வேணும்னா அழுத்தம் ரெண்டு மடங்கு வேணும். பழைய பம்ப் தாங்காதுன்னு புது பம்ப் போட்டோம். கலவை எப்படி இருக்குன்னு பார்க்க ஒரு மீட்டரும் வாங்கினோம். சாதாரணமா ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து. பூஸ்ட்ல அது 12க்குக் கீழ இருக்கணும்.

பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா. டிராக்டர் ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட டூல்ஸ் கடன் வாங்கி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சோம். முதல் வேலை பேட்டரியைக் கழட்டறது. பானெட்டைத் திறந்து ரெண்டு பேரும் பத்து நிமிஷம் பேட்டரியைத் தேடினோம். மியாட்டாவுல அது டிக்கியில இருக்கும். எங்க தொழில் திறமை எப்படின்னு உங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு வேக்குவம் ட்யூபுக்கும் டேப் ஒட்டி நம்பர் போட்டோம். பழைய பெல்ட்டைக் கழட்டினோம், பிராக்கெட் மாட்டினோம், புது நீள பெல்ட் போட்டோம். 10 எம்எம் சாக்கெட்டைத் தொலைச்சோம், தேடினோம், வேற வாங்கினோம், வாங்கினதும் பழசு கிடைச்சுது. ரெண்டு நாள் வேலை ஒன்பது நாள் ஆச்சு. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டி ஸ்டார்ட் ஆச்சு. பெருசு என்னைக் கட்டிப்பிடிச்சார். அஞ்சு வருஷ ஆராய்ச்சியில அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

கிட்டோட வந்த காகிதத்துல ரெண்டாவது பக்கத்துலயே ஒரு வரி இருந்துச்சு: வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இக்னிஷன் டைமிங்கைச் சரி பாருங்க, 10 டிகிரி இருக்கணும். நான் படிச்சேன். "வண்டி நல்லாத்தானே ஓடுது, அதெல்லாம் கரெக்டாதான் இருக்கும்"ன்னு தாண்டிப் போயிட்டேன். பெருசு கேட்கக்கூட கேட்டார். "எல்லாம் ஓகேண்ணே"ன்னேன்.

அடுத்த நாள் ஐ-65 நெடுஞ்சாலையில ஏத்தினோம். சூப்பர்சார்ஜர் 'ஊய்ங்'னு ஒரு சத்தம் கொடுத்துச்சு, சீட் முதுகுல வந்து இடிச்சுது. லாரியெல்லாம் கண்ணாடியில புள்ளியாப் போச்சு. மீட்டர்ல கலவை 11.8. பக்கா. டாங்க்ல 93 ஆக்டேன் பெட்ரோல். (அமெரிக்காவுல ஆக்டேனைக் கணக்கிடற முறை வேற. அங்க 87ன்னு போட்டிருந்தா நம்ம ஊர் 91க்கு ஏறக்குறைய சமம்.) ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை.

ஆனா ஒரு சத்தம் இருந்துச்சு. முழுசா மிதிக்கும்போது, தகர டப்பாவுல கோலிக்குண்டு போட்டு ஆட்டின மாதிரி, 'கிணிகிணி'ன்னு. "டேய், என்னடா அது?"ன்னார் பெருசு. எனக்கு பதில் ரெடியா இருந்துச்சு. பழைய ஈட்டன்ல உள்ள இருக்கற கப்ளிங் தேஞ்சா கடகடன்னு சத்தம் வரும், அது பிரசித்தம். "கப்ளிங் சத்தம்ண்ணே, பயப்படாதீங்க." அவர் நம்பினார். ஏன்னா நான் மெக்கானிக்கல்.

நாலு நாள் அப்படியே ஓட்டினோம்.

அஞ்சாவது நாள் டூல்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப தாத்தாவை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனார் பெருசு. தெரு முனை வரைக்கும்கூட போகலை, தாத்தா "காலை எடு"ன்னுட்டார். திரும்பி வந்து என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சத்தம் வண்டி சும்மா நிக்கும்போது வருதா, இல்ல பாரம் இழுக்கும்போது வருதா?

எனக்குக் கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. ஏன்னா பதில் எனக்கே தெரியும். கப்ளிங் சத்தம் வண்டி நின்னு ஐட்லிங்ல இருக்கும்போதுதான் நல்லாக் கேட்கும். பாரத்துல மட்டும் வந்தா அது நாக்கிங். நான் பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதின அதே நாக்கிங். பிளக் பத்த வச்ச நெருப்பு ஒரு பக்கத்துலேர்ந்து பரவி வர்றதுக்குள்ள, மூலையில மிச்சமிருக்கற கலவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா வெடிக்கறது. பிஸ்டன் மேல சுத்தியல் அடி.

தாத்தா டைமிங் லைட் எடுத்துட்டு வந்தார். மியாட்டாவுல பானெட்டுக்குள்ள இருக்கற டயக்னாஸ்டிக் பெட்டியில ரெண்டு முனையை ஒயரால இணைச்சுட்டுத்தான் பார்க்கணும். பார்த்தோம். 10 இருக்க வேண்டிய இடத்துல 16. முன்னாடி வச்சிருந்தவர் இழுவைக்காக முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கார். இந்தக் கார் வச்சிருக்கறவங்க நிறைய பேர் செய்யற வேலைதான். சாதாரண இஞ்சினுக்கு அதனால பெரிய ஆபத்தில்ல. ஆனா நாங்க 1.4 மடங்கு காத்தைத் திணிச்சிருக்கோம். 30 டிகிரி காத்து சூப்பர்சார்ஜர்லேர்ந்து வெளிய வரும்போது கிட்டத்தட்ட 80 டிகிரி. குளிர வைக்க இன்டர்கூலரும் கிடையாது. அதுல ஆறு டிகிரி முன்னாடியே நெருப்பு வச்சா?

பிளக்கைக் கழட்டினோம். மூணாவது பிளக்கோட வெள்ளைப் பீங்கான் மேல மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி. வெளிச்சத்துல திருப்பினா சிலது மினுமினுத்துச்சு. அலுமினியம். "இது உன் பிஸ்டன்"ன்னு சொல்லிட்டு தாத்தா பிளக்கைப் பெருசு கையில கொடுத்தார். பெருசு ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணினோம். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. பிஸ்டன் உடையலை, ரிங் போகலை. இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தாத்தா சொல்லலை, நாங்களும் கேட்கலை. டைமிங்கை 10க்குக் கொண்டு வந்தோம். பூஸ்ட் ஏறும்போது இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கற ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி தனியா வாங்கி மாட்டினோம். அதுக்குக் காசு நான் கொடுத்தேன். வேணாம்னார், விடலை. இப்ப அந்தக் கிணிகிணி இல்ல.

இதுலேர்ந்து எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். சூப்பர்சார்ஜர் இஞ்சினுக்கு சக்தி கொடுக்குதுன்னு நினைச்சேன். கொடுக்குது, சரி. பதிலுக்கு இஞ்சினோட மன்னிக்கற குணத்தை எடுத்துக்குது. கம்பெனிக்காரன் ஒரு இஞ்சினைப் பண்ணும்போது மட்டமான பெட்ரோல் போடறவன், சர்வீஸ் பண்ணாதவன், டைமிங்கைத் தள்ளி வைக்கறவன் எல்லாரையும் நினைச்சுக் கொஞ்சம் இடம் விட்டு வச்சிருப்பான். அந்த இடத்தைத்தான் நாம குதிரைசக்தியா மாத்திக்கறோம். அந்த ஆறு டிகிரி தப்பு எத்தனையோ வருஷமா அந்தக் கார்ல சும்மா கிடந்திருக்கு. நாங்க கை வச்சதும் அது பிஸ்டனைக் கடிக்க ஆரம்பிச்சுடுச்சு.

இன்னொண்ணும் இருக்கு. மீட்டர்ல 11.8 பார்த்ததும் எல்லாமே சரின்னு முடிவு பண்ணினேன். அளந்தது ஒண்ணு, அளக்காம விட்டது இன்னொண்ணு. சத்தம் வந்தப்ப எனக்குத் தெரிஞ்ச காரணங்கள்ல எது சௌகரியமோ அதைச் சொன்னேன். தெரியாதவன் "தெரியலைண்ணே, நிறுத்துங்க"ன்னு சொல்லியிருப்பான். அரைகுறையாத் தெரிஞ்சதாலதான் நாலு நாள் ஓடுச்சு.

அந்த மூணாவது பிளக் இப்ப என் மேசை மேல இருக்கு. பெருசுதான் கொடுத்தார். "ஏ கிரேடுக்கு மெடல்டா தம்பி"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சார். அப்பாடான்னு இருந்துச்சு.

பின்குறிப்பு: நம்ம ஊர்ல இதைச் செய்யலாம்னு கிளம்பிடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்தை மீறி வண்டியை மாத்தக்கூடாது. அமெரிக்காவுலயும் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி. கலிஃபோர்னியாவுல அரசோட ஒப்புதல் எண் இல்லாத கிட்டைப் போட்டுட்டு புகைப் பரிசோதனைக்குப் போக முடியாது. எங்க போட்டாலும் சரி, முதல்ல டைமிங்கைப் பாருங்க சாமி.