நோட்டீஸ் கொடுக்கிறது நாங்கதான்

2025 செப்டெம்பர்ல எங்க எல்லாருடைய வட்ஸ்அப் ஸ்டேட்டஸும் ஒரே மாதிரி ஆனது ஞாபகம் இருக்கா? மாவனல்லை டவுன் பிள்ளைகள், தோட்டத்துப் பிள்ளைகள், கெம்பஸ் போன அக்காமார் எல்லாரும் ஷிபொன் சாரி கட்டி, தலையில பூ வச்சு, பொன் வெயில்ல நின்றார்கள். உண்மையில யாரும் சாரி கட்டவில்லை. ரீல்ஸ்ல வந்த பிரொம்ப்டை கொப்பி பண்ணி, ஒரு செல்ஃபியோட ஜெமினி ஆப்ல போட்டதுதான். நாங்களும் பார்த்து ரசிச்சோம். லைக் போட்டோம்.

அந்தப் படங்களின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. இது செயற்கை நுண்ணறிவு செய்த படம் என்று காட்டுகிற அடையாளம் அது. ஆனா பார்க்கிறவருக்கு எந்த ஆப்னும் அதுவே சொல்லிக் கொடுத்தது. அந்தப் புது வசதி வந்தது ஓகஸ்ட் 26ஆம் திகதி. சாரிக்கு முன்னாடி பொம்மை ட்ரெண்ட் ஓடின அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே 2 கோடி 30 இலட்சம் புதுப் பாவனையாளர்கள் வந்ததாக கூகுள் தரப்பு சொன்னது. அதே வருஷம் மார்ச்சில் ஜிப்ளி படங்கள் ஓடியபோது, ஒரே மணித்தியாலத்தில் பத்து இலட்சம் பேர் சேர்ந்ததாக சட்ஜிபிடி கொம்பனியின் தலைவர் சாம் ஒல்ட்மன் எழுதினார்.

டவுன்ல புதுக் கடை திறந்தா ஆட்டோவில மைக் கட்டி விடுவாங்க, நோட்டீஸ் கொடுக்க ஆள் பிடிப்பாங்க. அந்த ஆளுக்கு நாள் கூலி உண்டு. ட்ரெண்ட்ல நோட்டீஸ் கொடுக்கிறது நாங்க. கூலி கிடையாது. டேட்டாவுக்கு ரீலோட் போடுறதும் எங்க காசு. நோட்டீஸ்ல இருக்கிற முகமும் எங்களுடையது.

இது புது வேலை இல்லை. டிக்டொக் வளர்ந்ததே இப்படித்தான். டவுன்லோட் பண்ணிய ஒவ்வொரு வீடியோவிலும் அதன் லோகோ ஒட்டியிருக்கும். அதை நாங்க பேஸ்புக்குக்கும் வட்ஸ்அப்புக்கும் கொண்டு போனோம். அந்த லோகோவின் பெறுமதி தெரிந்துதான் இன்ஸ்டாகிராம் 2021 பெப்ரவரியில், வேறு ஆப்பின் அடையாளம் உள்ள ரீல்ஸைக் குறைவாகப் பரிந்துரைப்போம் என்று அறிவித்தது. 2019 ஜூலையில் முகத்தைக் கிழடாக்கிக் காட்டிய ஃபேஸ்ஆப்பும் இதே வழியில்தான் வந்தது. ஊரெல்லாம் பரவின பிறகுதான் ஆட்கள் அதன் நிபந்தனைகளைப் படிச்சாங்க. போட்ட படத்தைப் பாவிக்க, திரும்பப் பெற முடியாத நிரந்தர அனுமதி அதில் இருந்தது. பெரும்பாலான படங்களை 48 மணித்தியாலத்துக்குள் அழிக்கிறோம் என்று கொம்பனி விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

சரி, ஒரு படம்தானே என்று விடலாம். ஆனா அதே வழியாலதான் கடன் ஆப்களும் வருது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா ரப்பர் தோட்டத்தில பால் வெட்டுறாங்க. மழை பெய்தா வெட்டு இல்லை, கையில காசும் இல்லை. அப்படி ஒரு மாசத்தில அவங்களுக்கு ஒரு சிரிப்பு வீடியோ வந்தது. எல்லாரும் போட்டுக்கொண்டிருந்த அதே ட்ரெண்டிங் ஓடியோ. புருஷன் பொண்டாட்டி சண்டை பிடிக்கிறாங்க, போனைத் தட்டினதும் காசு விழுது, சமாதானம் ஆகுறாங்க. அக்கா ஆப்பைப் போட்டாங்க. அது கொன்டெக்ட்ஸ் கேட்டது, அனுமதி கொடுத்தாங்க. கட்ட ரெண்டு நாள் பிந்தினதும், போன்ல நம்பர் இருந்த எல்லாருக்கும் அழைப்புப் போனது. கங்காணிக்கும் போனது, மகளுடைய டீச்சருக்கும் போனது. மூணு நாள் அக்கா வேலைக்கு வெளிக்கிடவே இல்லை.

பிறகு அவங்க சொன்னது எங்களுக்கு மறக்காது: “விளம்பரம்னா நான் யோசிச்சிருப்பேன் தம்பி. அது சிரிப்பு வீடியோதானே?”

இந்த முறை வேலை செய்யிறதே இதனாலதான். டிவியில விளம்பரம் வந்தா, இது எதையோ விக்க வந்திருக்குன்னு எங்களுக்குத் தெரியும். ட்ரெண்டுக்குள்ள வந்தா அந்த உஷார் வராது. பாட்டு பழகின பாட்டு, போடுறது கூட்டாளி. நம்பிடுவோம்.

ட்ரெண்டே வேணாம்னு நாங்க சொல்லவில்லை. எங்கள்ல ரெண்டு பேர் டவுன் கடைகளுக்கு ரீல்ஸ் செஞ்சு கொடுக்கிறாங்க. நாளைக்கு நாங்களே ஒரு ஆப் செஞ்சாலும் ட்ரெண்ட்லதான் அதைக் கொண்டு போவோம். காசில்லாத ஆளுக்கு இதைவிட நல்ல மேடை இல்லை. அதனால எங்களுக்குள்ள ரெண்டு முடிவு எடுத்திருக்கோம். காசு வாங்கிச் செய்யிற வீடியோவில் ‘இது விளம்பரம்’ என்று தெளிவாகத் தமிழில் எழுதுவோம். கடன் ஆப்புக்கும் பெட்டிங் ஆப்புக்கும் எவ்வளவு தந்தாலும் செய்ய மாட்டோம்.

உங்களிடமும் ஒரு வேலை கேட்கிறோம். அம்மா, உம்மா, மாமி, யாருடைய போன் கைக்குக் கிடைக்குதோ அதில் செட்டிங்ஸுக்குப் போய், எந்த ஆப்புக்கெல்லாம் கொன்டெக்ட்ஸ் அனுமதி இருக்குன்னு பாருங்க. படம் எடிட் பண்ணுற ஆப்புக்கு ஊர் ஆட்களுடைய நம்பர் எதுக்கு? எடுத்து விடுங்க. கடன் ஆப் இருந்தா, அந்தக் கொம்பனியின் பெயர் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உள்ள அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் இருக்கான்னு தேடுங்க. மிரட்டல் வந்திருந்தா ஸ்கிரீன்ஷொட்டை அழிக்காமல் பொலிஸின் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டு போங்க. அக்காவுடைய போன்ல நாங்க இதைச் செய்து முடிக்க பத்து நிமிஷம்தான் ஆனது.