வழுக்கும் கியரும் ஒரு கெட்ட ஆசையும்

"கியர்பாக்ஸ் போச்சு" என்று முதல் வொர்க்‌ஷாப்பில் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் இன்றுவரை யாருக்கும் இது தெரியாது.

2010இல் அப்பா வாங்கிய ஜப்பான் கார் அது. நான்கு கியர் ஆட்டோ. 2020இல் அதன் பத்தாண்டு சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், முடிந்தபோதே விட்டுவிடலாம் என்றேன். சனிக்கிழமைதோறும் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்கு யார் கூட்டிப்போவது என்றார் அப்பா. ஃபேரர் பார்க் ஸ்டேஷன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொன்னேன். "முட்டி வலிக்குதுடா, படிக்கட்டு ஏற முடியாது." "லிஃப்ட் இருக்குப்பா." அதற்குமேல் அவர் பேசவில்லை. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தோம். பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. சாலை வரியிலும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கூடுதல் கட்டணம், அது ஐம்பது வரை ஏறும். கட்டியது நான்.

2023இல் கோளாறு தொடங்கியது. பார்க்கிங்கிலிருந்து டிக்கு மாற்றினால் ஒரு நொடி சும்மா நின்று, பிறகு 'டொம்' என்று இடித்துக்கொண்டு நகரும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் உறுமும், வேகம் ஏறாது. எங்கள் புளோக்கின் பல மாடி கார் பார்க்கில் சுற்றி ஏறும்போது இன்னும் மோசம். வளைவில் ஒரு கணம் நியூட்ரல் போட்டதுபோல் கார் தொய்ந்துவிடும். பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிப்பார்.

முதல் வொர்க்‌ஷாப்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓவர்ஹால்தான் என்று சில ஆயிரம் வெள்ளி கேட்டார். அந்த அக்டோபரில்தான் சிறிய கார்களுக்கான சிஓஇ 106,000 வெள்ளியைத் தொட்டிருந்தது. புதுக் கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிச்சமிருக்கும் இரண்டு வருடத்துக்காக ஓவர்ஹால் செய்ய எந்தக் கணக்கும் ஒப்பாது. ஆக, கியர்பாக்ஸ் செத்தால் எங்கள் வீட்டில் காரும் முடிந்தது, யார்மீதும் பழி விழாது. முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு அப்பாவிடம் சேதி சொன்னேன்.

அப்பா கிளட்ச் மிதித்து ஓட்டிப் பழகியவர். என் உரிமமோ 3ஏ, ஆட்டோ மட்டும். "அவன் கியர் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தானா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. "அப்ப இன்னொருத்தர்கிட்ட காட்டு."

சின் மிங்கில் ஈப்போவிலிருந்து வந்த தமிழ் மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். பானெட்டைத் திறக்குமுன் கேள்விகள்தான் கேட்டார். "ஆறியிருக்கப்பவா அண்ணே, சூடானப்புறமா? எந்த கியர்ல? மேடு ஏறயிலயா, வளைக்கயிலயா? டேஷ்போர்டுல லைட் ஏதும் எரிஞ்சுச்சா?" லைட் எரியவில்லை. ஸ்கேனர் மாட்டினார், பிழைக்குறியீடு எதுவும் இல்லை. சொலனாய்டோ அதன் வயரோ அறுந்திருந்தால் பெரும்பாலும் குறியீடு காட்டிக்கொடுத்திருக்கும் என்றார்.

பிறகு காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே பிரேக்கை மிதித்து, கியரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் மறுபடி பார்க்கிங்கில் போடச் சொன்னார். எஞ்சின் ஆயில் என்றால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள். கியர் ஆயிலை எங்கள் கார் மாதிரியானவற்றில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். (புதிய கார்கள் பலவற்றில் குச்சியே கிடையாது.) குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்து, விட்டு எடுத்தார். ஆயில் அடிக்கோட்டைக்கூடத் தொடவில்லை. சிவப்பாக இருக்க வேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "கருகின வாடை இல்ல. பொழைச்சுக்கும்."

எனக்குச் சுருக்கென்றது.

ஆட்டோ கியரில் இந்த ஆயிலுக்கு வழவழப்புத் தருவது மட்டும் வேலையில்லை. எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் இருப்பது அதுதான். கியர்பாக்ஸுக்கு உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே ஆயிலின் அழுத்தம்தான். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், தட்டு வழுக்கும். கார் பார்க் வளைவில் இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ஹோஸ் ஒன்றில் மெல்லிய கசிவு இருந்தது. தரையில் சொட்டாமல் அடித்தகட்டிலேயே பரவியிருந்ததால் கண்ணில் படவில்லை.

இடிக்கும் சத்தத்துக்கு அது முழுக் காரணமில்லை. என்னை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, டியும் ஆரும் மாற்றி மாற்றிப் போடவைத்தார். எஞ்சின் துள்ளிக் குதித்தது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தது.

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றியபோது உள்ளே இருந்த காந்தங்களில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருந்தது. அது தேய்மானத்தூள், வயதுக்கு நியாயம்தான்; உலோகச் சில்லு கிடந்தால்தான் ஓவர்ஹால் என்றார். ஃபில்டரை மாற்றினார். அழுத்தத்தில் முழுதாக ஃபிளஷ் செய்யலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார், பழைய கியர்பாக்ஸில் படிந்திருக்கும் அழுக்கெல்லாம் கிளம்பி வால்வுகளை அடைக்குமாம். அடைப்பானைத் திறந்து வடித்தால் பாதி ஆயில்கூட வராது, மீதி கன்வர்ட்டரில் நிற்கும். அதனால் வடித்து ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றினோம். ஆயிலும் தயாரிப்பாளர் சொன்ன அதே வகைதான் வேண்டும், சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை என்பதை அழுத்திச் சொன்னார். எல்லாம் சேர்த்து சில நூறு வெள்ளியோடு முடிந்தது.

அதன் பிறகு அந்தக் கியர் ஒரு நாளும் வழுக்கவில்லை. அடுத்த இரண்டு பரிசோதனையிலும் கார் தேறியது. அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நேரத்தில் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒருவேளை தெரிந்துதான் இருந்ததோ என்னவோ.

ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி புதுப்பிக்க முடியாது. 2025இல் தேதி வந்தபோது காரை ஸ்கிராப் யார்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் ஏறி உட்கார்ந்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"கியர்பாக்ஸ் நல்லாயிருக்கே, தனியாப் போகும்."

கூட வந்திருந்த அப்பா உடனே கேட்டார்: "அப்ப அதுக்குத் தனியா எவ்வளவு தருவீங்க?"