சீசன் கடைசியில் ஒரு கடல்

குறைந்த காசு, தகரப் பெட்டி போன்ற வீடு, குளிரில் நடுங்க வைக்கும் கடல். இங்கிலாந்தின் உழைக்கும் குடும்பங்கள் அக்டோபரில் எடுக்கும் விடுமுறை இது.

மழை வலுத்தால் உள்ளே இருப்பவர்கள் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். தலைக்கு மேல் இருப்பது மெல்லிய கூரை. ஜன்னலுக்கு வெளியே இதேபோன்ற இன்னொரு பெட்டி, அதற்கப்பால் இன்னொன்று, அப்படியே வரிசை வரிசையாக. வெளிறிய பச்சையிலும் பாலாடை நிறத்திலும் நிற்கும் இந்தப் பெட்டிகளின் வரிசை மணல்மேட்டின் அடியில் போய் முடிகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் வட கடல். பார்க்க முடியாது; ஆனால் இரவெல்லாம் அதன் சத்தம் கேட்கும்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது ஸ்கெக்னெஸ். அங்கிருந்து வடக்கே இங்கோல்ட்மெல்ஸ், சேப்பல் செயின்ட் லெனர்ட்ஸ், மேபிள்தார்ப் என்று நீளும் கடற்கரை முழுவதும் இந்தக் காட்சிதான். பிரிட்டனில் கேரவன்கள் மிக நெருக்கமாக நிற்கும் இடங்களில் ஒன்று இது. கோடையில் இடம் கிடைப்பது கடினம். அக்டோபர் கடைசி வாரத்தில் பள்ளிகளுக்கு அரைப் பருவ விடுமுறை விடும்போது கூட்டம் கடைசி முறையாக ஒருதரம் எட்டிப் பார்க்கிறது. கையில் அதிகம் காசில்லாத கூட்டம் அது.

கேரவன் என்றதும் தமிழ் வாசகருக்குப் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் இளைப்பாறும் குளிர்சாதன வண்டி நினைவுக்கு வரலாம். இது வேறு. இதற்கும் சக்கரம் உண்டு, ஆனால் ஓடாது. இடம்விட்டு இடம் நகர்த்தக்கூடியதாக இருந்தால்தான் சட்டத்தின் பார்வையில் அது கேரவன். எனவே சக்கரங்கள் பெயருக்கு இருக்கின்றன. பெரும்பாலும் ஹல் நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் தயாராகி, லாரியில் வந்து இறங்கி, காற்றில் புரளாதபடி சங்கிலியால் தரையோடு பிணைக்கப்பட்டுவிட்டால் ஆயுள் முழுவதும் அதே இடம்தான். உள்ளே இரண்டு சிறிய படுக்கை அறைகள், ஒருவர் மட்டுமே திரும்பக்கூடிய குளியலறை, சமையல் மேடை, சுவரை ஒட்டி வளைந்த சோபா. ஆறு பேர் தங்கலாம் என்று விளம்பரம் சொன்னால், அந்தச் சோபாவை இரவில் இழுத்துப் படுக்கையாக்கும் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கணக்கு. வெளியே பக்கவாட்டில் நிற்கும் சிவப்பு நிற எரிவாயு சிலிண்டர், நம் சமையலறைகளின் 14.2 கிலோ சிலிண்டரை விடப் பலமடங்கு பெரியது. அடுப்பும் வெந்நீரும் கணப்பும் அதிலிருந்துதான்.

கூப்பனும் கணக்கும்

இப்படி வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஊர், டெர்பிஷயரின் பழைய நிலக்கரிப் பகுதி. தாத்தா காலத்தில் சுரங்கம் இருந்த இடத்தில் இன்று பெரிய பெரிய கிடங்குகள். அப்பா அப்படியொரு கிடங்கில் இரவு ஷிப்ட். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இரண்டு பிள்ளைகள், கூடவே பாட்டி. ஸ்பெயினுக்குப் பறப்பது பற்றிப் பேச்செடுத்தால் விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். மிச்சம் இருப்பது திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவு கேரவன்.

இந்த மலிவு விடுமுறையைப் பிரபலப்படுத்தியதில் பத்திரிகைகளுக்குப் பங்குண்டு. 'தி சன்' நாளிதழ் 1990களில் தொடங்கி ஆண்டுதோறும் ஒரு திட்டத்தை அறிவித்து வந்தது. நாளிதழில் வரும் கூப்பன்களை வெட்டிச் சேர்த்து அனுப்பினால் தலைக்கு 9.50 பவுண்டில் விடுமுறை. பவுண்டு ஒன்றுக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டாலும் இது மலிவுதான். கிடைக்கும் தேதிகளோ பெரும்பாலும் கூட்டம் குறைந்த வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். காலியாகக் கிடக்கும் கேரவனில் ஆள் தங்கினால் பூங்காவின் கடையிலும் மதுக்கூடத்திலும் விளையாட்டு இயந்திரங்களிலும் செலவு செய்வார்கள் என்பது உரிமையாளரின் கணக்கு.

குடும்பத்தின் கணக்கு வேறு. வாடகைக்கு மேல் சில கட்டணங்கள் தனியாக வரும். மாலை நிகழ்ச்சிகளுக்கும் நீச்சல் குளத்துக்கும் பல இடங்களில் தனி பாஸ். படுக்கை விரிப்பும் துண்டும் வேண்டுமானால் தனிக் காசு. அதனால் காரின் டிக்கியில் தலையணை, போர்வை, வெந்நீர்ப் பை, ரொட்டி, பால், முட்டை, டின்னில் அடைத்த பீன்ஸ், சீட்டுக்கட்டு எல்லாம் ஏறிவிடுகின்றன. பூங்காவின் கடையில் அதே பால் என்ன விலை என்று முதல் முறை வந்தவர்கள் தெரிந்துகொண்டு போவார்கள். இரண்டாம் முறை கையோடு கொண்டு வருவார்கள்.

அபராதமா, அதிக விலையா?

இந்தக் கணக்கின் மிகக் கடினமான வரி, தேதி. பள்ளி நடக்கும் வாரத்தில் ஒரு விலைக்குக் கிடைக்கும் கேரவன், அரைப் பருவ விடுமுறை வாரத்தில் கணிசமாக விலை ஏறிவிடும். அப்படியானால் ஒரு வாரம் முன்னதாகவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால் என்ன?

அதற்கும் விலை இருக்கிறது. இங்கிலாந்தில் 2013 செப்டம்பர் முதல், மிக விதிவிலக்கான காரணம் இருந்தாலன்றித் தலைமையாசிரியர் பருவத்தின் நடுவே விடுப்பு தரக் கூடாது. குடும்பச் சுற்றுலா அத்தகைய காரணமல்ல. 2024 ஆகஸ்டிலிருந்து அபராதம் 80 பவுண்டு. அதுவும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக. இரண்டு பெற்றோர், இரண்டு பிள்ளைகள் என்றால் 320 பவுண்டு. 21 நாளில் கட்டாவிட்டால் இரு மடங்கு. இந்த விதியை எதிர்த்து ஒரு தந்தை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஐல் ஆஃப் வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட் 2015இல் தன் மகளைப் பள்ளி நாட்களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் சென்றிருந்தார். கீழ் நீதிமன்றங்களில் வென்றவர், 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஒழுங்காகப் பள்ளிக்கு வருவது என்றால் பள்ளியின் விதிப்படி வருவது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

பல பெற்றோர் இன்றும் மேஜைமீது இரண்டு தொகைகளையும் எழுதிக் கூட்டிப் பார்க்கிறார்கள். அபராதத்தைச் சேர்த்தாலும் முந்தைய வாரம் மலிவு என்று வந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நம் குடும்பத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அம்மா வேலை பார்ப்பதே பள்ளிச் சமையலறையில். பள்ளிக்கு விடுமுறை விட்டால்தான் அவருக்கும் விடுமுறை.

ஒரு வாரச் சம்பளம்

ஏழைக்கும் கடல் உண்டு என்பது இந்தக் கரையில் புதிய எண்ணமல்ல. 1873இல் ரயில் வந்தபோதே தொழிற்சாலைத் தொழிலாளர்களின் ஒருநாள் உல்லாசப் பயணங்கள் தொடங்கிவிட்டன. 1908இல் ரயில் கம்பெனி ஒன்றுக்காக ஜான் ஹாசல் வரைந்த விளம்பரத்தில், கொழுத்த மீனவர் ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு மணலில் துள்ளிக் குதிக்கிறார். ஸ்கெக்னெஸ் காற்று உடம்புக்குப் புத்துணர்ச்சி தரும் என்பது அதன் சாரம். குளிர்காற்றையே சரக்காக்கி விற்ற சாமர்த்தியம் அது. அந்த மீனவர் இன்றும் ஊரின் சின்னம்.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் பில்லி பட்லின். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, திருவிழாக் கடைகள் நடத்தி முன்னேறியவர். கடலோர விடுதிகளில் வீட்டுக்காரம்மாக்கள் காலைச் சாப்பாடு முடிந்ததும் குடும்பங்களை வெளியே அனுப்பிவிட, மழையில் போக்கிடமின்றி அவர்கள் திரிந்ததைப் பார்த்துத்தான் தனக்கு யோசனை வந்தது என்று அவர் சொல்லி வந்தார். 1936 ஈஸ்டரில் ஸ்கெக்னெஸ் அருகே அவரது முதல் விடுமுறை முகாம் திறந்தது. ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்பது அவர் பிரபலப்படுத்திய தாரக மந்திரம். இரண்டாம் உலகப் போரில் கடற்படை எடுத்துக்கொண்ட அந்த முகாம், பிறகு மீண்டு, இன்றும் நடக்கிறது.

1938இல் சம்பளத்துடன் விடுமுறைக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே டெர்பிஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் ஸ்கெக்னெஸில் தங்களுக்கென்று ஒரு முகாமைத் திறந்தார்கள். ஆண்டு முழுவதும் பூமிக்கடியில் இருட்டில் உழைத்தவர்கள் ஒரு வாரம் குடும்பத்தோடு வெளிச்சத்தில் இருந்தார்கள். 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முகாமும் போய்விட்டது. தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முகாமுக்கு வந்த சிறுமிகள்தான் இன்று பேரப்பிள்ளைகளுடன் கேரவனில் தங்கும் பாட்டிகள். அன்று சங்கம் சேர்த்துக் கொடுத்த விடுமுறையை இன்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கூப்பன் வெட்டித் தேடிக்கொள்கிறது. அதுவும் முடியாதவர்களுக்கு, 1975இல் தொடங்கப்பட்ட குடும்ப விடுமுறை அறக்கட்டளை போன்ற அமைப்புகள் சில நாள் கடலோரத் தங்கலுக்கு ஏற்பாடு செய்கின்றன.

காசில்லாத காட்சிகள்

சென்னையைப் போலவே இங்கும் சூரியன் கடலில்தான் உதிக்கிறது. அக்டோபர் கடைசியில், கடிகாரங்களைத் திருப்பி வைக்கும் ஞாயிறுக்கு முன்னால், உதயம் ஏறக்குறைய காலை ஏழே முக்காலுக்கு. எனவே குழந்தைகளை அதிகாலையில் உலுக்கி எழுப்பத் தேவையில்லை. கம்பளிக் குல்லாயும் ரப்பர் பூட்சும் மாட்டிக்கொண்டு மணல்மேட்டில் ஏறினால் போதும். நீர் வற்றும் நேரத்தில் மணல் வெகு தூரம் விரிந்து கிடக்கும். குழந்தைகளைச் சுமக்கும் கோடைக்காலக் கழுதைகள் இல்லை. குளிக்கிறவர்கள் இல்லை. நாய்களும் சிப்பி பொறுக்கும் பிள்ளைகளும் மட்டும். தொலைவில், 2008 வாக்கில் எழுந்த 54 காற்றாலைகள் கடலுக்குள் நின்று சுழல்கின்றன.

மழை பிடித்தால் இருக்கவே இருக்கின்றன இயந்திர விளையாட்டுக் கூடங்கள். இரண்டு பென்னி நாணயத்தைத் துளையில் போட்டால், முன்னும் பின்னும் நகரும் தட்டில் விழுந்து, விளிம்பில் தொங்கும் நாணயக் குவியலைத் தள்ளும். விழும் விழும் என்று தோன்றும்; பெரும்பாலும் விழாது. ஒரு டப்பா நிறைய இரண்டு பென்னிகளைக் கொடுத்து, இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் ஒரு மத்தியானம் கழிந்துவிடும். மாலையில் சுடச்சுட வறுத்த மீனும் உருளைக்கிழங்கும். காகிதத்தைப் பிரித்ததுமே வினிகர் வாசனை கேரவன் முழுவதும் பரவும். ஐந்து பேருக்கு மூன்று பொட்டலம்.

இயற்கையும் இந்த மாதத்தில் தாராளமாக இருக்கிறது. ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் தெற்கே உள்ள வாஷ் விரிகுடாவுக்கு வந்து சேரும் காலம் இது. கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு தலைக்கு மேல் போகும். வடக்கே டோனா நூக்கில், விமானப்படை குண்டு வீசிப் பழகும் கடற்கரையில், சாம்பல் நிறக் கடல்நாய்கள் குட்டி போட வரத் தொடங்கும். சமீப ஆண்டுகளில் ஒவ்வொரு பருவத்திலும் 2,000க்கு மேற்பட்ட குட்டிகள். வெள்ளை ரோமத்துடன் கிடக்கும் குட்டிகளை வேலிக்கு இப்பாலிருந்து பார்க்கலாம். அதற்குக் கார் வேண்டும். பெட்ரோல் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கடலின் கணக்கு

அக்டோபர் முடிந்ததும் இந்தப் பூங்காக்களில் பல மூடிவிடுகின்றன. குளிர் மட்டும் காரணமல்ல. 1953 ஜனவரி 31 இரவு, புயலும் பொங்கிய கடலும் சேர்ந்து இந்தக் கரையை உடைத்தன. இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். எதிர்க்கரையான நெதர்லாந்தில் 1,800க்கும் மேல். மேபிள்தார்ப், சட்டன் ஊர்களில் கடல் தெருக்களுக்குள் புகுந்தது. 1978 ஜனவரியில் இன்னொரு புயல், 1881இல் கட்டிய ஸ்கெக்னெஸ் கடற்பாலத்தின் பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனது. 2013 டிசம்பர் 5இல் மீண்டும் கடல் பொங்கியபோது தெற்கே பாஸ்டன் நகரம் நனைந்தது.

கரைக்குப் பின்னாலுள்ள நிலம் தாழ்வானது. அதனால் 1994இல் தொடங்கி, கடலடி மணலை உறிஞ்சியெடுத்து இந்தக் கடற்கரைகளில் கொட்டிக் கரையை உயர்த்தும் பணி நடந்துவந்திருக்கிறது. பிள்ளைகள் கோட்டை கட்டும் மணலே ஊரின் அரண். வெள்ள அபாயமுள்ள இடங்களில் குளிர்காலத்தில் கேரவன்களில் ஆள் தங்கக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதும் இதனால்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். அம்மா அடுப்பு மேடையைத் துடைக்கிறார். அப்பா கடைசிப் பையைக் காரில் திணிக்கிறார். ஞாயிறு இரவு அவருக்கு ஷிப்ட். மணல் ஒட்டிய சிப்பிகளைப் பிள்ளைகள் டப்பாவில் போட்டுக்கொள்கிறார்கள். பாட்டி மேட்டின் மேல் ஏறி நின்று ஒருமுறை கடலைப் பார்த்துவிட்டு வருகிறார். இன்னும் சில நாட்களில், பனியில் உறைந்து வெடிக்காமலிருக்கக் குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிடுவார்கள். மார்ச் வரை அந்தப் பெட்டிகளில் விளக்கு எரியாது. வீட்டில், குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழ் அடுத்த ஆண்டுக்கான இடம் தயாராக இருக்கிறது. வெட்டும் கூப்பன்கள் அங்கேதான் சேரும்.