நீர்வேலியில் ஒரு பழைய தவில்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியாகச் செல்லும் பிரயாணி, கோப்பாயைக் கடந்ததும் இருமருங்கிலும் செம்மண் தோட்டங்கள் விரிந்து கிடப்பதையும், அவற்றில் வாழைகள் குலை தாங்கி அணிவகுத்து நிற்பதையும் காண்பானாயின், தான் நீர்வேலியை அடைந்துவிட்டதை எவரிடமும் வினவாமலே அறிந்துகொள்வான். காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கிய அரசகேசரியின் பெயரால் ஒரு பிள்ளையார் கோயிலையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கர பண்டிதர் போன்ற வித்துவான்களையும் உடைய அவ்வூர், கல்வியினாலும் கமத்தினாலும் கீர்த்தி பெற்றதேயன்றி மேளத்தினால் கீர்த்தி பெற்றதன்று. அப்பெருமை இணுவிலுக்கும் அளவெட்டிக்கும் உரியது. எனினும், தோலும் மரமும் கலந்து நாதம் பிறக்கும் ஒரு தொழிலை அணுகி நின்று காணும் பாக்கியம் எனக்கு அந்த வாழைத் தோட்டங்களின் நடுவே, ஓலை வேய்ந்த ஒரு கொட்டிலிலேதான் வாய்த்தது.

அதற்குக் காரணம் கனடாவிலிருந்து வந்த ஒரு கடிதம். அங்கு வாழும் என் பெறாமகன், சங்கீதத்தில் அளவிறந்த பிரியமுடையவன். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தார் மாணவர்களை உத்தேசித்து வெளியிட்ட மஸ்டாங் என்னும் மின்கித்தார் ஒன்றை மிகுந்த பிரயாசையுடன் தேடிப் பெற்றவன். அந்நிறுவனத்தின் மற்றப் பல கித்தார்களில் அதிரும் கம்பியின் நீளம் 25½ அங்குலமாக இருக்க, இதில் அது 24 அங்குலமே. ஆதலால் சிறிய கைக்கும் அது இணங்கும். ஒரு காலத்தில் மலிவான மாணவர் கருவி என்று கருதப்பட்ட அதனை இன்று ஆர்வலர் அரும்பொருளாகப் போற்றுகின்றனர். கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் காந்தச் சுருளை அகற்றி, அதனிலும் பெரியதொன்றைப் பொருத்தினால் ஓசை தடிக்கும் என்று நண்பர்கள் தூண்டினார்களாம். அதற்கு மரத்தைக் குடைய வேண்டும் என்று அறிந்ததும் அவன் கையை எடுத்துவிட்டான். இவ்வளவையும் எழுதிய பின்பு, கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தான்: நீர்வேலியில், அவனுடைய அம்மப்பா வாசித்த தவில் வீட்டுப் பரணில் கிடக்கிறதே, அதைச் செப்பம் செய்ய முடியுமா? முடியுமாயின், தோலை இழுத்துப் பிடிக்கும் வாரை நீக்கி இரும்பு வளையம் போடலாமா?

பரணிலிருந்து இறக்கிய தவில் தவிலாக இல்லை. தோல் இரண்டும் கிழிந்து, வார்கள் கறுத்து முறுகி, மூங்கில் வளையங்களில் ஒன்று உளுத்துப் போயிருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவில், போரினால், நீர்வேலியை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுத்துச் செல்ல இயலாத பொருள்களோடு அதுவும் பின்தங்கிவிட்டது. திரும்பி வந்தவர்கள் கூரையில்லா வீட்டில், மழை குடித்து வெயில் காய்ந்த அதனைக் கண்டெடுத்து, வீட்டுக்குக் கூரை போட்டபின் பரணில் ஏற்றி வைத்தார்கள். வாசித்தவரோ அதற்கு முன்னமே காலமாகிவிட்டார்.

கொட்டிலுக்கு அதைச் சுமந்து சென்றபோது, அறுபது வயதைக் கடந்த, தவில் செப்பனிடும் தொழிலாளர் ஒருவர், ஈரத்தோல் ஒன்றை வளையத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். "இருங்கோ மாஸ்டர். ஈரம் காயமுன்னம் இதைப் பிடிக்க வேணும்; இப்ப விட்டால் தோல் என்ரை சொல்லுக் கேளாது," என்றார். நான் இருந்தேன். விரல்களால் இழுத்தும், உள்ளங்கையால் வருடியும், ஒருபுறம் தளர்ந்தால் எதிர்ப்புறத்தைத் தளர்த்தியும், அவர் அந்தத் தோலை வட்டம் முழுவதும் ஒரே சீராக நிற்கச் செய்தபோது, அளவுகோல் எதுவுமின்றி விரல் நுனியையே அளவுகோலாகக் கொண்ட ஒரு கல்வியை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

தவிலின் உடல், பலாமரத்தின் ஒரே துண்டைக் குடைந்து ஆக்கப்படுவது. அதைத் தொழிலாளர் கட்டை என்பர். வலந்தலை எனப்படும் வலப்பக்கம் அகன்றது, விறைப்பாக இழுத்துக் கட்டப்படுவது, கூடு என்று சொல்லப்படும் உறைகளை விரல்களிற் செருகி அதனை வாசிப்பார்கள். தொப்பி எனப்படும் இடப்பக்கம் சற்றுத் தளர்ந்து நிற்பது, அதற்குக் கைக்கம்பு. தோல் மாறும், வளையம் மாறும், வார் மாறும். வாசிப்பவர் வாழ்நாளில் இவையெல்லாம் பலமுறை புதுப்பிக்கப்படும். மாறாமல் நிற்பது கட்டை ஒன்றே.

ஆகையால் அவர் என் தவிலிற் கிழிந்த தோலையும் முறுகிய வாரையும் ஏறெடுத்தும் பாராமல் அறுத்து அகற்றிவிட்டு, வெறும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் முட்டியால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்தார். பின்பு அதனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே பார்க்கும்படி என்னிடம் நீட்டினார். வெட்டிய காலத்தில் மஞ்சளாக இருந்த பலா, வயதேறிச் செம்பழுப்பாகியிருந்தது. உட்சுவர் நெடுகிலும், குடைந்தவனுடைய உளி விழுந்த தடங்கள், மீன் செதில்போல வரிசை வரிசையாக நின்றன.

"இதை வழுவழுப்பாக்க வேண்டாமா அண்ணை?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம். இந்தக் கட்டை இந்த உளிவெட்டோடைதான் இவ்வளவு காலமும் பேசினது. செத்த மரத்தைத் திரும்பக் கொன்ற மாதிரிப் போயிடும்," என்றார்.

கட்டையின் வாயோரம் ஒரு சாண் நீளத்தில் வெடிப்பு இருந்தது. பலாமரத் தூளைப் பசையிற் குழைத்து அதனுள் அடைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி நிழலில் வைத்தார். உளுத்த வளையத்துக்குப் பதிலாகப் புதிய மூங்கிலைச் சீவி வளைத்தார். தோலுக்கு மாத்திரம் அவர் பொறுமையிழந்து பேசினார். நல்ல தோல் கிடைப்பது அரிதாகிவிட்டது என்றும், அதைப் பதம் செய்யத் தெரிந்த இளைஞர் அதனிலும் அரிதாகிவிட்டனர் என்றும், தம் புதல்வர் இருவரும் வேறு தொழிலுக்குப் போனதில் தமக்கு வருத்தமில்லை என்றும் சொன்னார். "மேளம் கேட்கிற சனம் மேளகாரருக்குப் பொன்னாடை போடும். தோல் பிடிக்கிறவனைப் படலைக்கு வெளியிலை நிப்பாட்டும். பெடியள் பார்த்துக்கொண்டுதானே வளர்ந்தவங்கள்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. ஒரு தொழில் அழிவதற்குக் கூலி குறைவது மட்டுமே காரணமன்று. மரியாதை குறைவதும் காரணம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரும்பு வளையத்தைப் பற்றிய கேள்வியை அப்போது எடுத்தேன். அவர் சினந்து மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன்; அவர் அவ்வாறு செய்யவில்லை. மாரிகாலத்தில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிட, வார் பிடிப்பதற்கு இருவர் முழங்கால் கொடுத்து மல்லாட வேண்டியிருந்த வேலையை, இன்று நட்டையும் போல்ட்டையும் முறுக்கி ஒருவரே முடித்துவிடுகிறார். விடியவிடியத் திருவிழா வாசிப்பவருக்கு அது பேருபகாரம் என்றார். அவருடைய ஆட்சேபம் ஒன்றே ஒன்று. ஆயத்தமாக வாங்கிய வளையம் பழைய கட்டைக்கு அளவுபடாதபோது, சிலர் வளையத்தை விட்டுவிட்டுக் கட்டையின் வாயைச் செதுக்கிவிடுகிறார்கள். "வளையத்தை நாளைக்குக் கழற்றலாம். செதுக்கின மரத்தைத் திரும்ப ஒட்டலாமே?" என்றார். கித்தாரின் மரத்தைக் குடைய மறுத்த என் பெறாமகனுடைய நியாயம், ஏழு கடல் கடந்து வந்து, அவனை ஒருநாளும் கண்டிராத ஒரு முதியவரின் வாயிலிருந்து புறப்படக் கேட்டு நான் மெய்சிலிர்த்தேன்.

மாற்றம் நம் சங்கீதத்துக்கு விரோதியன்று. திமிரி என்னும் குறுகிய நாயனம் உச்சசுருதியில் ஒலித்த காலமொன்று இருந்தது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீண்ட பாரி நாயனத்தைக் கைக்கொண்டு, அதன் கம்பீரமான நாதத்தை எங்கும் பரப்பினார். அத்தகைய நாயனத்தை அவருக்கு ஆக்கிக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அவ்வூர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. அங்கே வித்துவானுடைய பெயரோடு ஆசாரியின் பெயரும் நிலைத்துவிட்டது. இங்கே, 1933இல் பிறந்து 1975இல் மறைந்த தட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழகமும் வியந்து கேட்டது. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதும் பெற்றது. அந்த மேதைக்குத் தோல் பிடித்துக் கொடுத்த கை யாருடையது என்று யாழ்ப்பாணத்து இரசிகர்களில் எத்தனை பேர் ஒருநாளாவது கேட்டிருப்போம்?

பத்து நாள் கழித்து மறுபடியும் போனேன். வாரே பிடிக்கும்படி பெறாமகன் எழுதிவிட்டதால், வார் பிடித்திருந்தது. கழற்றிய பழைய வாரையும் உளுத்த வளையத்தையும் அவர் எறியாமல், ஒரு சாக்கிற் கட்டி, "இதையும் கொண்டுபோங்கோ, பிறகு ஒருத்தன் பார்த்துச் செய்யிறதுக்கு உதவும்," என்று தந்தார். பின்னர் வலந்தலையில் விரலால் ஒருமுறை தட்டினார். கூரையை இழந்த வீட்டில் மழையும் வெயிலும் தின்று, அதன்பின் பரணில் ஊமையாய்க் கிடந்த அந்தக் கட்டை, கணீரென்று ஒலித்தது. தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

பழைய வாத்தியத்தைக் காப்பது அதைக் கண்ணாடிப் பெட்டியிற் பூட்டுவதன்று. மாற்றத்தக்கதை மாற்றி, மாற்றலாகாததைத் தொடாமல் விட்டு, மறுபடியும் வாசிக்கச் செய்வதே காப்பது. வாசகர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ, உறவினர் வீட்டு மூலையிலோ ஒரு தவிற்கட்டை கிடக்குமாயின், அதை அலங்காரப் பொருளாக விற்றுவிடாதீர்கள். வாயைச் செதுக்கவும் இடம் கொடாதீர்கள். இந்த மாரி தொடங்குமுன் அதை இறக்கி, தோல் பிடிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வரும் நாளில் படலையைத் திறந்து, உள்ளே அழைத்து, கதிரை கொடுத்து இருத்துங்கள்.